நிக்காஹ் வீட்டில் பத்தொன்பது பூநாரைகள்

மரக்காணத்தில் சுரையாவை 'போட்டோ சுரையா' என்றுதான் சொல்வார்கள். போட்டோ பிடிப்பது அவளுக்குத் தொழில் இல்லை. கடை கிடையாது, போர்டு கிடையாது, கூலி என்று யாரிடமும் கை நீட்டியதும் கிடையாது. ஆசைக்காகக் கேமராவைத் தொட்டவள் அவள். அந்த ஆசையை ஊரே பங்கு போட்டுக்கொண்டு போய்விட்டது. ஒன்பது வருஷத்தில் அவளுக்கென்று மிஞ்சியது கழுத்து வலி மட்டும்தான்.

ஆரம்பம் ரொம்பச் சாதாரணம். தொண்ணூற்றேழில் அவளுடைய நாத்தனாருக்கு நிக்காஹ். ஸ்டுடியோக்காரர் ஆம்பளை, பெண்கள் இருக்கும் அறைக்குள் வர முடியாது. மாப்பிள்ளையையும் மாமனாரையும் பிரியாணி அண்டாவையும் எடுத்துவிட்டு வாசலோடு போய்விடுவார். அப்புறம் மணப்பெண்ணை யார் எடுப்பது? சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கும் தாஜுதீன், சுரையாவின் புருஷன், அந்தத் தடவை லீவுக்கு வந்தபோது ஒரு கேமரா கொண்டுவந்திருந்தான். அதில் அவள் தன் பிள்ளையையும், கொல்லை முருங்கை மரத்தையும், உப்பளத்துக்கு மேலே திரண்டு நிற்கும் மேகத்தையும் எடுத்துப் பழகியிருந்தாள். "நம்ம சுரையா இருக்காளே" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். அன்றைக்குத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை. மரக்காணம், அனுமந்தை, கோட்டக்குப்பம், பெரிய முதலியார்சாவடி, வானூர் என்று எங்கே நிக்காஹ் நடந்தாலும் பெண்கள் பக்கத்துக்கு நம்ம சுரையாதான்.

'நம்ம' என்ற அந்த வார்த்தை இருக்கிறதே, அது ஆளைக் கொன்றுவிடும். நம்ம சுரையா காலை ஏழு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள். நம்ம சுரையா நின்றுகொண்டே வருவாள், மடியில் பையை வைத்துக்கொள்ள யாராவது உட்கார்ந்திருப்பவளைக் கெஞ்சுவாள். பையில் கேமரா, ஃபிளாஷ், எட்டு பாட்டரி, மழை வந்தால் சுற்ற ஒரு பிளாஸ்டிக் கவர், வியர்வைக் கையைத் துடைக்க ஒரு பழைய துப்பட்டா. தோள்பட்டையில் அந்தப் பையின் வார் பதிந்து கறுத்துப்போன தடம் ஒன்று உண்டு. குளிக்கும்போது அதைத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள், போகவில்லை.

எடுப்பதைவிடப் பெரிய வேலை அதற்கப்புறம்தான். ரோலை உள்ளூரில் கழுவக் கொடுக்க முடியாது, வீட்டுப் பெண்கள் முகமெல்லாம் அந்நிய ஆம்பளை கண்ணில் படும். பாண்டிச்சேரியில் ஒரு கலர் லேபில் பிரிண்ட் மெஷினில் லூர்துமேரி என்று ஒருத்தி வேலை பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அவளுடைய ஷிப்ட். அன்றைக்குப் பார்த்து சுரையா பஸ் ஏறிப் போய், மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, பிரிண்டையும் நெகடிவையும் கையோடு வாங்கிக்கொண்டு வருவாள். வீட்டில் பாய் விரித்துப் படங்களைப் பரப்பி, வீட்டுக்கு ஒரு கவர் என்று பிரிப்பாள். கல்யாணமாகாத பெண்ணின் படம் அவளுடைய அம்மா கையில்தான் போக வேண்டும், அத்தை கையில்கூடக் கூடாது. "என்னுது வேணாம்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தப் பிரிண்டைக் கிழித்து, நெகடிவிலும் அந்தக் கட்டத்தைக் கத்தரித்து, சொன்னவள் கண்ணெதிரிலேயே அடுப்பில் போட்டுவிடுவாள். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம். ஒன்பது வருஷத்தில் இதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. எல்லா வீட்டிலும் அவளுக்குக் கதவு திறந்தது இதனால்தான்.

லூர்துமேரி ஒருநாள் மெஷினிலிருந்து வந்து விழும் படங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, வருஷக்கணக்கா உங்க ரோலை நான்தான் போடறேன். எல்லாம் ஊரான் வீட்டு கல்யாணம். உங்களுக்குன்னு ஒண்ணும் எடுக்க மாட்டீங்களா?"

"எடுக்கணும்" என்றாள் சுரையா. "ரோல் மிஞ்சினா எடுக்கலாம்னு பார்க்கறேன். மிஞ்சவே மாட்டேங்குது."

"எடுத்தா கொண்டாங்க. பெருசா, செவுத்துல மாட்டற மாதிரி போட்டுத் தர்றேன்."

சுரையா சிரித்துவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் முள் மாதிரி நின்றுவிட்டது.

இரண்டாயிரத்து ஆறு ஜனவரியில் அவள் ரொம்பவும் ஓய்ந்துபோயிருந்தாள். பக்ரீத் முடிந்து முஹர்ரம் பிறப்பதற்குள் எல்லாரும் கல்யாணத்தை முடித்துவிடப் பார்ப்பார்கள். பத்து நாளில் மூன்று நிக்காஹ், நாலாவது வானூரில். மூன்றாவது நிக்காஹில் பழைய கேமரா மண்டையைப் போட்டுவிட்டது. உப்புக் காற்றில் ஒன்பது வருஷம் உழைத்தது, ஷட்டர் இறுகி நின்றுவிட்டது. பாண்டிச்சேரியில் கொடுத்ததற்கு, இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

மிச்சம் இருந்தது டிஜிட்டல் கேமரா. பக்ரீதுக்கு முன்னால் ஊருக்கு வந்த ஒரு ஆளிடம் தாஜுதீன் கொடுத்தனுப்பியது. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கும், ரோல் வேண்டாம், எடுத்ததை உடனே முதுகில் உள்ள சின்னத் திரையில் பார்த்துக்கொள்ளலாம். போனில் அவன் தெளிவாகச் சொல்லியிருந்தான்: "இது உனக்கு சுரையா. உனக்கு இஷ்டமானதை எடு. இதையும் கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போயிடாத." அவளும் சரி என்றுதான் சொன்னாள். பதினைந்து நாள் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். வானூர் கல்யாணத்துக்கு அதைத்தான் தூக்கிக்கொண்டு போனாள்.

அதற்கு ஒரே ஒரு கார்டு. அறுபத்திரண்டு படம் பிடிக்கும். "சின்ன சைஸ்ல வெச்சா இன்னும் நெறைய வரும், ஆனா ஆல்பத்துக்குப் போட்டா மூஞ்சி கட்டம் கட்டமா தெரியும்" என்று லூர்துமேரி சொல்லி, பெரிய சைஸிலேயே வைத்துக் கொடுத்திருந்தாள். அறுபத்திரண்டு சுரையாவுக்கு ஏராளமாகத் தெரிந்தது. ஒன்பது வருஷமாக ஒரு நிக்காஹுக்கு ஒரு ரோல், முப்பத்தாறு படம், அதற்குள்தான் முடிப்பாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. உள் கிராமங்கள் வழியாகச் சுற்றிப் போகும் பஸ்ஸில் ஏறினாள். கழுவெளி ஏரி ஓரத்தில் வந்தபோது டயர் படாரென்று வெடித்தது. கண்டக்டர் இறங்கி டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "முக்கா மணி நேரம் ஆகும், எறங்கி நில்லுங்க" என்றார். எல்லாரும் அலுத்துக்கொண்டே இறங்கினார்கள். சுரையாவும் இறங்கிப் பையைக் கீழே வைத்து, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள்.

கழுவெளியில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. முழங்கால் ஆழத் தண்ணீரில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பூநாரைகள். நூறா இருநூறா என்று சொல்ல முடியாது. வளைந்த கழுத்தைத் தண்ணீருக்குள் விட்டு, ஏதோ ஊர்ப்பஞ்சாயத்துக்கு வந்தவர்களைப்போல மெள்ள மெள்ள நடந்துகொண்டிருந்தன. மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டு பதினைந்து வருஷம். வருஷா வருஷம் பறவை வருகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறாளே தவிர, நின்று பார்த்ததில்லை. பஸ்ஸில் இந்த வழியாகப் போகும்போதெல்லாம் யாருடைய முதுகாவது ஜன்னலை மறைத்துக்கொண்டிருக்கும்.

கேமராவை எடுத்தாள். 'இதை இப்படித் திரும்பச் சொல்லு, அதைச் சிரிக்கச் சொல்லு' என்று காதுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு பறவை ஒற்றைக் காலில் நின்றது, எடுத்தாள். இரண்டு பறவைகள் அலகோடு அலகு உரசின, எடுத்தாள். பிறகு என்ன கண்டதோ, ஒரு கூட்டம் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடி மேலே எழுந்தது. இறக்கைக்கு அடியில் அத்தனை சிவப்பு இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அதையும் எடுத்தாள். பஸ் ஹாரன் அடித்தபோதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. முப்பத்தாறு வயதுப் பொம்பளை, நடுரோட்டில், தனியாக.

பஸ் கிளம்பியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அன்றைக்கு நல்ல நாள்தான். முப்பத்துநாலு படம் எடுத்திருந்தாள். மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆடிப்போனது, பாதி தலை வெட்டுப்பட்டது, பஸ்ஸில் வந்த ஒரு பெரியவரின் துண்டு குறுக்கே வந்தது என்று பதினைந்தை அழித்தாள். பத்தொன்பது மிஞ்சின. அந்தப் பத்தொன்பதில் எதை லூர்துமேரியிடம் பெரிதாகப் போடக் கொடுப்பது என்று வானூர் வரும்வரை யோசித்தாள். கார்டில் இன்னும் நாற்பத்துமூன்று இடம் இருந்தது. கல்யாணத்துக்கு அது போதும், ஒரு ரோலுக்கும் மேலே ஆயிற்றே.

இந்தக் கணக்கில்தான் அவள் கோட்டைவிட்டாள்.

முப்பத்தாறில் அவள் எப்படி முடித்தாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் எல்லாருக்கும் போட்டோ வேண்டும். அத்தனைக்கும் ரோல் எங்கே போவது? அதனால் மணப்பெண், நெருங்கிய சொந்தம், முக்கியமான சடங்கு ஆகியவற்றுக்குத்தான் நிஜமான படம். மூன்றாவது தடவையாக வந்து நிற்கும் எதிர்வீட்டுக்காரிக்கு வெறும் ஃபிளாஷ். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும், அவள் சந்தோஷமாகப் போய்விடுவாள். பின்னால் கேட்டால், "சரியா விழலக்கா" என்று ஒரு வார்த்தை. ஊரில் எல்லா ஸ்டுடியோக்காரர்களும் செய்வதுதான், பாவத்தில் சேராது. டிஜிட்டல் கேமராவில் இந்த வித்தை பலிக்காது என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

கல்யாண வீடு ஜைத்தூன்பீயுடையது. நாலு வருஷத்துக்கு முன் புருஷன் இறந்துபோய், தையல் மெஷினை மிதித்தே பெண்ணை ஆளாக்கியவள். மணப்பெண் ஷமா அவளுக்கு ஒரே மகள். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை, இரண்டு மாதத்தில் பெண்ணையும் அழைத்துப்போய்விடுவான். வீட்டில் ஆட்சி செய்துகொண்டிருந்தது ஜைத்தூன்பீ அல்ல, ஷமாவின் அத்தாவோடு, அதாவது அப்பாவோடு பிறந்த ரஹ்மத் மாமி. கனமான உடம்பு, கனமான குரல்.

"வா சுரையா. ஏன் இவ்ளோ லேட்டு? பொண்ணு ரெடியாயி எவ்ளோ நேரம் ஆவுது. இது என்ன புது கேமராவா, எங்க காட்டு."

சுரையா ஷமாவை ஒரு படம் எடுத்தாள். பழக்கதோஷத்தில் கேமராவை இறக்கினாள். முதுகுத் திரையில் ஷமா பளபளவென்று தெரிந்தாள். அவ்வளவுதான், அறையில் இருந்த அத்தனை பெண்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"மாஷா அல்லா, உடனே தெரியுதே."

"என்னை ஒண்ணு எடு, எப்பிடி வருதுன்னு பார்க்கறேன்."

"கண்ண மூடிட்டேன் பாரு, இன்னொண்ணு எடு."

வெறும் ஃபிளாஷ் அடிக்க வழியே இல்லை. வெளிச்சம் அடித்த அடுத்த நொடி, "காட்டு காட்டு" என்று பத்துத் தலைகள் மோதின. காட்டிவிட்டால் அது வாக்குக் கொடுத்த மாதிரி. அன்றைக்குத் திரையில் பார்த்தேனே, என் போட்டோ எங்கே என்று நாளைக்கு வீடு தேடி வருவார்கள். ஒரு கல்யாண வீட்டுப் படத்தையும் அழிக்க முடியாது. நாற்பத்துமூன்று இடமும் மணி பன்னிரண்டரைக்குள் தீர்ந்துபோயிற்று.

அது தெரிந்ததும் மகா மோசமான நேரத்தில். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து துவா ஓதியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அக்கா கருகமணியை எடுத்து ஷமாவின் கழுத்துக்குக் கொண்டுபோகிறாள். சுரையா பொத்தானை அழுத்தினாள். கேமரா ஒரு சத்தம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. கார்டு நிறைந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் அக்கா கருகமணியைப் பிடித்தபடியே நின்றாள். அறையே சுரையாவைப் பார்த்தது.  பின்னோக்கி ஓட்டி ஓட்டிப் பறவைகளிடம் வந்து நின்றாள். தூரத்தில் சின்னதாகத் தெரிந்த ஒரு படத்தை அழித்தாள். கருகமணி கழுத்தில் ஏறியது, படமும் விழுந்தது. ஒன்று போனால் என்ன, பதினெட்டு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பறவை போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா மணப்பெண்ணுக்குச் சர்க்கரை ஊட்டினாள், ஒன்று. அவளுடைய தங்கை ஊட்டினாள், இன்னொன்று. தங்கையின் மகள் தனக்கும் ஊட்டத் தெரியும் என்றாள், அதற்கும் ஒன்று. கேமராவின் அந்தச் சின்னத் திரை ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகக் கேட்டது: அழிக்கவா, வேண்டாமா? அன்றைக்கு அவளிடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டது அது ஒன்றுதான்.

நடுவில் ரஹ்மத் மாமி கேமராவை அவள் கையிலிருந்தே வாங்கி, பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பறவைகளில் வந்து நின்றாள்.

"இது என்னாடி இது, கொக்கு கொக்கா எடுத்து வெச்சிருக்க?"

"கொக்கு இல்ல மாமி, பூநாரை. வழில பார்த்தேன்."

"இங்க கல்யாணத்துக்கு எடமில்ல எடமில்லன்ற, உள்ள கொக்கை அடைச்சி வெச்சிருக்க. இதெல்லாம் எடுத்துட்டா எடம் வருமே?"

"வரும் மாமி."

பெண்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. சுரையாவும் கூடச் சிரித்தாள். ஆனால் இடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இனிமேல் கார்டு தீர்ந்துவிட்டது என்று வாய் திறக்க முடியாது. திறந்தால், கொக்கு இருக்குதே என்பார்கள்.

மூன்று பெண்கள் வந்து காதோடு, "என்னுது வேணாம், அழிச்சிடு" என்றார்கள். உடனே அழித்தாள். அவர்கள் புண்ணியத்தில் மூன்று பறவைகள் கொஞ்ச நேரம் தப்பித்தன. இரண்டு மணிக்கு மாப்பிள்ளையின் ஊரிலிருந்து இன்னொரு வேன் வந்தது. அதில் பதினாலு பெண்கள். பறவைகள் பன்னிரண்டு ஆயின, ஏழு ஆயின, மூன்று ஆயின. எதை முதலில் அழிப்பது என்று ஆரம்பத்தில் பார்த்துப் பார்த்துத்தான் பிரித்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். பார்த்தால் விரல் நகரமாட்டேன் என்றது.

கடைசியில் ஒன்று நின்றது. கூட்டம் எழும்பிய படம், இறக்கைச் சிவப்பு தெரிந்த படம். இதை மட்டும் யார் வந்து கேட்டாலும் கொடுப்பதில்லை என்று முடிவுகட்டினாள். கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தாள். மணி மூன்றரை. காலையில் ஒரு டீ குடித்ததுதான். சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும், வேறு யாராவது கேட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். நம்ம சுரையாதானே.

ஷமா மெதுவாகக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"சுரையாக்கா, அம்மாவோட ஒரு போட்டோ எடுங்கக்கா. காலைலேந்து அம்மா இந்தப் பக்கமே வரல."

சுரையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜம்தான். அறுபத்தோரு படத்தில் ரஹ்மத் மாமி பதினோரு படத்தில் இருந்தாள். பெற்றவள் ஒன்றில்கூட இல்லை.

"கேட்டா, அப்பறம் அப்பறம்னு சொல்றாங்க. வெளிய வரமாட்டாங்கக்கா. அவங்க போட்டோன்னு எங்க வீட்ல ரேஷன் கார்டுல ஒட்டினது ஒண்ணுதான் இருக்குது. நான் குவைத்துக்கு எதை எடுத்துட்டுப் போறது?"

சுரையா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஷமா கனத்த ஜரிகைப் புடவையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தாள். கொல்லைப்புறம் சாமான் அறை. ஜைத்தூன்பீ அங்கேதான் இருந்தாள். வந்த தட்டு எத்தனை, போன தட்டு எத்தனை, எந்தப் பந்திக்குக் கறி குறைந்தது என்று காலையிலிருந்து அந்த அறையை விட்டு நகரவில்லை. புருஷன் இல்லாதவள் மணப்பெண் பக்கத்தில் வந்து நிற்பானேன் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே ஒதுங்கிக்கொண்டாள்.

"இங்க எதுக்கும்மா வந்த, பொடவைல எண்ணெ பட்டுடும்" என்றாள் மகளைப் பார்த்து. ஷமா போய் அம்மாவின் தோளில் கையைப் போட்டு நின்றுகொண்டாள்.

சுரையா கேமராவைத் திறந்தாள். பறவைக் கூட்டம் திரையில் வந்தது. ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அழிக்கவா என்று கேட்டது. அழித்தாள். பிறகு கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தி, கையை ஆடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

அன்றைக்கு எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். கொல்லைக் கதவு வழியாக வந்த வெயில் இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி விழுந்திருந்தது. உள்ளேயிருந்து ரஹ்மத் மாமி, "பொண்ணு எங்க போயிட்டா?" என்று குரல் கொடுத்தாள். ஷமா திரையைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஜைத்தூன்பீ ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கேமராவை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கெழவியாட்டம் இருக்கறேன். அவ எவ்ளோ அழகா இருக்கறா, பக்கத்துல நான் ஒருத்தி. வேணாம்மா. என்னுது அழிச்சிடு."

"முடியாதுக்கா."

தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்பதைச் சுரையாவாலேயே நம்ப முடியவில்லை. ஜைத்தூன்பீ நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்றால் அழித்துவிடுவாள் என்பதுதானே இவளைப்பற்றி ஊர் முழுக்கப் பேச்சு.

"இந்த ஒரு போட்டோவுக்காக நான் ஒண்ணை அழிச்சேன்க்கா. எனக்குன்னு எடுத்தது. காலைல வரும்போது பத்தொம்பது இருந்துச்சு. கழுவெளில நின்ன பறவைங்க. ஒம்போது வருஷத்துல அதுதான் நான் எனக்குன்னு எடுத்தது. ஆளாளுக்கு வந்து இன்னொண்ணு இன்னொண்ணுன்னு கேட்டு, ஒவ்வொண்ணா எல்லாம் போயிடுச்சு. கடைசியா ஒண்ணை ஒளிச்சி வெச்சிருந்தேன். அதை இப்பதான் உங்களுக்காக அழிச்சேன். இப்ப இதையும் அழின்னு சொல்றீங்க."

பேசும்போதே அழுகை வந்துவிட்டது. பறவைக்காக அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அதற்காக அழுகை நிற்கவில்லை. ஒன்பது வருஷத்து அலுப்பும் அந்தச் சாமான் அறையில் வந்து இறங்கியது.

ஜைத்தூன்பீ மறுபடியும் திரையைப் பார்த்தாள். பிறகு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள்.

"யாரு கேட்டீங்கக்கா?"

 சுரையா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துபோய், பழைய பயம் வந்து உட்கார்ந்தது. சொன்ன பேச்சை மீறிவிட்டோமே. "குடுங்கக்கா, அழிச்சிடறேன். நீங்க வேணான்னா வேணாந்தான்" என்று கையை நீட்டினாள்.

ஜைத்தூன்பீ கேமராவைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்" என்றாள். "நீ உக்காரு."

சாக்கை உதறிக் கீழே போட்டாள். ஒரு தட்டை எடுத்துக் கழுவி, அண்டாவின் அடியில் தனியாக எடுத்து வைத்திருந்த பிரியாணியைப் போட்டாள். தனக்காக வைத்திருந்ததாக இருக்கும். கத்தரிக்காய்ப் பச்சடியை ஓரத்தில் வைத்து, தண்ணீர் மொண்டு பக்கத்தில் வைத்தாள். சுரையா உட்கார்ந்து முதல் வாய் எடுக்கும்போது உள்ளேயிருந்து ரஹ்மத் மாமியின் குரல் வந்தது.

"சுரையா, எங்கடி போன? மாப்ள வீட்டு பொம்பளைங்க கெளம்பறாங்க. எல்லாரையும் நிக்க வெச்சி இன்னொண்ணு எடுத்துடு, வா."

சுரையாவின் கை தட்டிலேயே நின்றது. எழுந்துகொள்ளப் போனாள். ஜைத்தூன்பீ அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, காலையிலிருந்து தாண்டாத நிலைப்படியில் போய் நின்றாள்.

"அவ வரமாட்டா. சாப்பிட்றா. கேமராவும் ரொம்பிடுச்சு."

"ரொம்பினா என்ன, எதையாவது அழிச்சா எடம் வருதில்ல?"

"ஒண்ணும் அழிக்க வேணாம்" என்றாள் ஜைத்தூன்பீ. "காலைலேந்து நமக்காக அவ அழிச்சது போதும்."

 சுரையா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.